நடுரோட்டில் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

பீர்க்கன்கரணையில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு மணி நேரம் நின்றால் போதும். எந்தக் கார் கம்பெனிக்கு நல்ல காலம், எதற்கு ஏழரைச் சனி என்று சொல்லிவிடலாம். தாம்பரத்தில் முப்பது வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தியவன் நான். ஷோரூம் விளம்பரத்தைவிட, கடை வாசலில் வந்து நிற்கும் மெக்கானிக்கின் முகத்தைத்தான் நம்புவேன்.

"அமெரிக்காக்காரன் கார் ஏன் சார் நம்ம ஊர்ல நிலைக்க மாட்டேங்குது?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து இதே ரோட்டில் நேராகப் போனால் மறைமலை நகர். ஃபோர்டு தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன்பே எங்கள் பக்கம் ஒரு பாடம் நடந்துவிட்டது. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. ஹெரால்டு கார் அங்கே செய்ததுதான். 1985-ல் அவர்கள் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு சொகுசுக் காரை இறக்கினார்கள். வெளியே பிரிட்டனின் ரோவர் காரின் அழகான உடம்பு. உள்ளே பழைய வேன்கார்டு காலத்து இன்ஜின். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைக்கு நடக்க முடியாத கதைதான். 1988-ல் தொழிற்சாலையே நின்றுபோனது.

ஃபோர்டு அப்படி இல்லை. வண்டி உறுதி, ஓட்டுபவருக்கு ஒரு கம்பீரம். 1996-ல் எஸ்கார்ட், 1999-ல் இந்தியாவை மனதில் வைத்துச் செய்த ஐகான், 2010-ல் ஃபிகோ, 2013-ல் இகோஸ்போர்ட் என்று வரிசையாக வந்தன. ஆனால், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தபோதே போட்டி மாறிவிட்டது. கொரியாக்காரர்கள் புதுப்புது மாடல்களைச் சீக்கிரம் சீக்கிரமாக இறக்கினார்கள். சின்ன ஊர்களிலும் சர்வீஸ் சென்டர் திறந்தார்கள்.

ஃபோர்டைப் பற்றி ஜனங்களிடம் ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டது: "வண்டி நல்ல வண்டிதான், ஆனா செலவு வைக்கும்." ஒரு சின்ன பாகம் போனால் முழு அசெம்ப்ளியையே மாற்ற வேண்டும் என்ற பயம்தான் அதற்குக் காரணம். பிறகு கம்பெனியே அதைப் புரிந்துகொண்டு பாகங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்க ஆரம்பித்தது. ஆனால், ஊர் வாயில் ஒருமுறை விழுந்த பேச்சு லேசில் போகுமா?

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். 2022 ஜூலையில் மறைமலை நகரில் உற்பத்தி நின்றது. அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கும், உதிரி பாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகளுக்கும் அது வெறும் பேப்பர் செய்தி அல்ல.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் சொகுசுக் கார் என்றால் ஒரு காலத்தில் கேடிலாக், லிங்கன்தான். 1989-ல் ஜப்பானிலிருந்து டொயோட்டாவின் லெக்ஸஸ் போய் இறங்கியது. வந்த சில மாதத்திலேயே ஒரு குறை தெரிந்து, சுமார் 8,000 கார்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வேறு கம்பெனியாக இருந்தால் மானம் போயிருக்கும். லெக்ஸஸ்காரர்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வண்டியை எடுத்து, சரிசெய்து, கழுவித் துடைத்து, டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். குறையையே விளம்பரமாக மாற்றிவிட்டார்கள்! 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற சொகுசுக் கார் பிராண்ட் லெக்ஸஸ்தான்.

நம்மிடம் இன்னொரு கணக்கும் உண்டு. முழுதாகச் செய்த சொகுசுக் காரைக் கப்பலில் இறக்கினால், கிட்டத்தட்ட வண்டி விலை அளவுக்கே வரி. அதனால்தான் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 2007-லேயே செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கடை விரித்து, பாகங்களைக் கொண்டுவந்து இங்கேயே பூட்டுகிறது. 2025-ல் மும்பையில் ஷோரூம் திறந்த அமெரிக்காவின் டெஸ்லாவோ முழு காராகக் கொண்டுவந்தது. ஆரம்ப விலையே கிட்டத்தட்ட 60 லட்சம்!

போன வருஷம் எங்கள் வீட்டிலேயே இந்த விவகாரம் வந்தது. மாப்பிள்ளை போனில் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, செகண்ட் ஹேண்ட் எண்டெவர். புதுசா ஒரு சின்ன கார் வாங்குற விலைக்கே வருது. மலை மாதிரி வண்டி!" என்றார். ஆசை கண்ணில் தெரிந்தது. அஞ்சு வருஷச் சேமிப்பு அது.

வண்டியைப் போய்ப் பார்த்தோம். இன்ஜின் சத்தம் கேட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. "வண்டி அருமை, மாப்பிள்ளை. ஆனா வருஷா வருஷம் செலவுக்குன்னு தனியா ஒரு தொகை எடுத்து வைக்கணும். கண்ணாடி, சஸ்பென்ஷன் மாதிரி ஏதாவது போனா, பாகம் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் பொறுமை வேணும்" என்றேன்.

என் மகள் அதுவரை வாயே திறக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா, ராத்திரி பத்து மணிக்குத் திண்டிவனம் தாண்டி வண்டி நின்னுடுச்சுன்னா, யாரைக் கூப்பிடறது?"

மாப்பிள்ளை போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து வீட்டு வாசலில் நின்றது வேறு கம்பெனியின் சின்ன கார். எண்டெவர் எங்கேயாவது எதிரே வந்தால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறார், பாவம்.

எந்த ஊர் பிராண்டாக இருந்தாலும் என் மகளின் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் ஜெயிக்க முடியும். தோல் சீட்டும் பெரிய திரையும் இன்று எல்லோரிடமும் இருக்கின்றன. பக்கத்து ஊரில் சர்வீஸ், நியாயமான விலையில் பாகம், பத்து வருஷம் கழித்தும் கம்பெனி இங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை... இந்த மூன்றும்தான் நிஜமான சொகுசு.

மறைமலை நகருக்கு மறுபடி நல்ல சேதி வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் ஃபோர்டு, தமிழக அரசுடன் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. 2029 முதல் அங்கே இன்ஜின்கள் செய்வதாகத் திட்டம். அவை நமக்கு அல்ல, ஏற்றுமதிக்குத்தான். இருந்தாலும் பரவாயில்லை, நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். ஃபோர்டு கார்களும் ஒருநாள் திரும்ப வந்தால் சந்தோஷம்தான். வரும்போது, திண்டிவனம் தாண்டி ஒரு சர்வீஸ் சென்டரையும் கையோடு கொண்டுவரட்டும்!