மிச்சக் குட்டிகள்

பிப்ரவரி 9

கப்பி வாங்க வருகிறவர்கள் ஆண் மீனைப் பார்த்துத்தான் காசை நீட்டுகிறார்கள். வாலும் வண்ணமும் அதனிடம்தானே இருக்கிறது. கொளத்தூரில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். “ஆண் எங்க போனாலும் கெடைக்கும் மேடம். பெண்ணு எந்தத் தொட்டியில வளந்துச்சுன்னு கேட்டு வாங்குங்க” என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒருமுறை இணை சேர்ந்த பெண் கப்பி, விந்தை உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருந்து அடுத்தடுத்த ஈற்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். பல ரகமும் கலந்து கிடக்கும் தொட்டியிலிருந்து எடுத்தால் வயிற்றில் இருப்பது யார் குட்டி என்று யாரும் சொல்ல முடியாது. ‘ஃபுல் ரெட்’ மட்டுமே விட்டிருந்த தொட்டி என்று அவர் காட்டியதிலிருந்து சினைப் பெண்களாக இரண்டு வாங்கினேன். ஆண் வேண்டாம் என்றதும் பக்கத்தில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்க விட்டேன். சூடு சமமானதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, பிறகுதான் மீனை விட்டேன். எங்கள் அடுக்ககத்தின் போர் தண்ணீர் குக்கரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து சமையல்காரரை எரிச்சலூட்டும். கப்பிக்கு அந்தக் கடினத்தன்மைதான் வேண்டும். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாளாவது பக்கெட்டில் வைக்க வேண்டியிருக்கும். அந்த வேலை மிச்சம்.

பிப்ரவரி 15

வாங்கிய இரண்டில் பெரியது இன்று காலை குட்டி போட்டது. நேற்றிலிருந்தே தெரிந்தது. வயிறு உருண்டையாக இல்லாமல் பெட்டி மாதிரி சதுரித்து நின்றது. குதத்தை ஒட்டிய கரும்பட்டை பெரிதாகி, உற்றுப் பார்த்தால் உள்ளே புள்ளி புள்ளியாகக் குட்டிகளின் கண்கள். சாப்பாட்டுக்கு வரவில்லை; ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

குட்டி போடும் பெட்டி என்று ஒரு பிளாஸ்டிக் சமாசாரம் கடையில் விற்கிறது. அடியில் பிளவு இருக்கும், குட்டி அதன் வழியாகக் கீழே நழுவித் தப்பிக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் அடைத்தால் தாய் மிரண்டு சுவரில் முட்டிக்கொண்டே இருக்கிறது. சில சமயம் குறைக்குட்டி போட்டுவிடுகிறது. தொட்டியில் பாதிக்கு ஜாவா மாஸும் வேலம்பாசியும் அடைத்துவிட்டால் போதும்.

ஒரு குட்டி வெளியே வருவதைக் கிட்டத்தில் பார்த்தேன். மடித்து வைத்த மாதிரி, வால் தலையோடு ஒட்டி வந்து விழுகிறது. அடியில் போய்ச் சேர்வதற்குள் விரிந்துவிடுகிறது. அடுத்த நொடி பாசிக்குள் பாய்கிறது. நீளம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். அதில் பாதி கண். தாய் அப்படியே திரும்பி, விரியத் தாமதித்த ஒன்றை லபக்கென்று விழுங்கியது.

அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “பெத்ததையே தின்னுதே!” என்பார் என்று நினைத்தேன். “காலையில அதுக்குச் சாப்பாடு போட்டியா இல்லையா?” என்று கேட்டார். சரியான கேள்வி. வயிறு நிறைந்த தாய் குறைவாகத்தான் தின்னும். இரண்டு சிட்டிகை போட்டதும் வேட்டை தணிந்தது.

எண்ணப் பார்த்தேன். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் எங்கோ.

பிப்ரவரி 17

குட்டிகளின் தீனிக்கு ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையைப் பொரிக்க வைத்தேன். அவித்த கோழி முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிக் கசக்கிவிடச் சொல்வார்கள். தின்பது கால் பங்கு, தண்ணீரைக் கெடுப்பது முக்கால் பங்கு. பொடித்த தீவனம் பரவாயில்லை. ஆனால் முதல் சில வாரங்களுக்கு உயிரோடு துள்ளும் தீனி போல வராது.

அடி வெட்டிய பெட் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கைப்பிடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கல் உப்பு, ஏர் பம்பின் குழாயை மூடி வரை இறக்கி, மேலே விளக்கு. முட்டை பழுப்பு நிறப் பொடி. உலகச் சந்தைக்கு வருவதில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநில உப்பேரியில் அள்ளியது. உலர்ந்த நிலையில் வருடக்கணக்கில் கிடக்கும், உப்புத் தண்ணீர் பட்டால் விழித்துக்கொள்ளும். சென்னை வெயிலுக்கு ஒரே நாளில் பொரிந்துவிடுகிறது.

காற்றை நிறுத்திக் கால் மணி நேரம் விட வேண்டும். ஓடு மேலே மிதக்கும், பொரிந்தவை வெளிச்சம் இருக்கும் பக்கம் ஆரஞ்சு மேகமாகத் திரளும். குழாய் வைத்து அதை மட்டும் இழுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போட்டேன். ஓடு கலந்துவிட்டால் குட்டிக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் கண்ணாடி போன்ற உடம்புகளுக்குள் வயிறு மட்டும் ஆரஞ்சாகத் தெரிந்தது. யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று தாய்மார்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 8

பிரிக்கும் நாள். பெண்ணின் அடித்துடுப்பு முக்கோணமாக விரிந்தே இருக்கும். ஆணுடையது குறுகிக் கூர்மையாகிக் குச்சி போல ஆகிவிடும், அதுதான் அதன் இணை உறுப்பு. மூன்று நான்கு வாரத்திலேயே இந்த வேறுபாடு தொடங்கிவிடுகிறது. வண்ணம் வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அதற்குள் அண்ணன் தங்கைகள் சேர்ந்துவிடும். டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தேன். சந்தேகமாக இருந்தவற்றைத் தனிப் பாட்டிலில் போட்டேன்.

ஆண்களில் ஒரு வினோதம். சிலது முழுச்சிவப்பாகத் தேறும் என்று இப்போதே தெரிகிறது. மூன்று நான்கின் இடுப்பில் மட்டும் கரும்புள்ளி. கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குக் கப்பியில் பல தகப்பன்கள் இருக்க முடியும், எப்போதோ எவனோ ஒருவன் அந்தத் தொட்டிக்குள் வந்து போயிருப்பான்.

புள்ளி என்றதும் யோஹன்னஸ் ஷ்மிட் நினைவுக்கு வருகிறார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டேனிஷ்காரர். கப்பியின் முதுகுத் துடுப்பில் இருந்த ஒரு கரும்புள்ளி தகப்பனிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே போகிறது, மகள் வழியே போவதில்லை என்று 1920இல் காட்டினார். நம்மைப் போலவே கப்பிக்கும் ஒய் குரோமோசோம் ஆணிடம்தான். ஐரோப்பிய விலாங்குகள் அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ கடல் பகுதியில் பிறக்கின்றன என்று வருடக்கணக்கில் கப்பலில் அலைந்து கண்டுபிடித்தவரும் இவரேதான். கடலையும் கிண்ணத்தையும் ஒரே பொறுமையோடு பார்த்திருக்கிறார்.

மார்ச் 14

பெரியது மறுபடி குட்டி போட்டது. இந்தத் தொட்டியில் ஆண் வாடையே இல்லை. என் கணவர் நம்ப மறுத்தார். “எதாவது குட்டி ஒண்ணு மிஞ்சியிருக்கும்” என்றார். மிஞ்சிய குட்டி அதற்குள் தகப்பனாகியிருக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகும் தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் போனார்.

ஏப்ரல் 13

வால்கள் விரியத் தொடங்கிவிட்டன. கப்பி வளர்ப்பில் உண்மையான வேலை இப்போதுதான். குட்டி போட வைக்க யாராலும் முடியும், தடுப்பதுதான் கஷ்டம். போட்டதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை முடிவு செய்கிறவர்தான் வளர்க்கிறவர்.

கப்பிகள் இயல்பாக வாழும் டிரினிடாட் மலையோடைகளில் இந்த முடிவை இரண்டு தரப்பு எடுக்கின்றன. பெண் கப்பிகள் பளிச்சென்ற ஆணைத் தேடுகின்றன. கீழோடைகளில் இருக்கும் பெரிய வேட்டை மீனுக்கும் அதே பளிச்தான் முதலில் கண்ணில் படுகிறது. அதனால் அருவிக்கு மேலே, பெரிய வேட்டை மீன் ஏற முடியாத இடத்தில் ஆண்கள் அலங்காரமாகவும், கீழே மங்கலாகவும் இருக்கின்றன. ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் கப்பிகளைப் பெரிய வேட்டை மீன் உள்ள ஓடையிலிருந்து அது இல்லாத ஓடைக்கு மாற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டே ஆண்டுகளில் சந்ததியின் புள்ளிகள் கூடியிருந்தன. 1980இல் அதை வெளியிட்டார். என் தொட்டியில் பெண்ணும் நான், வேட்டை மீனும் நான்.

முதுகெலும்பு கோணியவை இரண்டு இருந்தன. அவற்றை வளர்க்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டேன். இதைப் பற்றி மீன் வளர்க்கிறவர்கள் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டும்.

மே 10

கத்திரி. தொட்டித் தண்ணீர் முப்பத்திரண்டைத் தாண்டிவிட்டது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கின்றன. கரண்ட் கட் வந்தால் ஏர் பம்பும் நின்றுவிடும், பேட்டரி பம்பு ஒன்று கட்டாயம். மூடியை எடுத்துவிட்டு மேசை மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. ஐஸ் கட்டியை நேரே போடுவது மீனுக்கு அதிர்ச்சி.

மிச்சக் குட்டிகளை என்ன செய்வது என்று வீட்டில் தினமும் பேச்சு. கீழ்வீட்டுப் பையன் ரெட்டேரியில் விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னான். கொசுப் புழுவைத் தின்னும் ஆன்ட்டி, நல்லதுதானே என்றான். கொசுவுக்காகத்தான் நூறு வருடங்களுக்கு முன்பே இந்த மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறார்கள். மூடிய தொட்டியில் விடுவது வேறு, ஏரியில் விடுவது வேறு. கொசுப் புழு தீர்ந்தால் அது பட்டினி கிடக்காது. நம் ஊர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். அவனுக்கு மொட்டை மாடியில் பழைய சிமென்ட் தொட்டி ஒன்று உண்டு, அல்லி வைத்திருக்கிறான். அதற்குப் பெண் குட்டிகளாகப் பார்த்துக் கொடுத்தேன். பெருகி என் தலையில் விழாது.

கடைக்காரர் தேறிய ஆண்களை எடுத்துக்கொள்கிறேன் என்றார்; பணம் தரமாட்டாராம், பதிலுக்கு ஆர்ட்டீமியா டப்பா. சம்மதித்தேன்.

அடுத்த தலைமுறைக்கு ஒரு ஆணைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தங்கைகளோடு சேர்க்காமல் வாங்கியதில் சின்னப் பெண் கப்பி போட்ட மகள்களோடு விடப்போகிறேன். என் மகளுக்குப் பெரிய வாலன்தான் வேண்டும். பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கிறான். ஆனால் அந்த வாலைச் சுமந்துகொண்டு பெண்ணைத் துரத்திப் பிடிக்க அவனால் ஆகவில்லை. இரண்டு சுற்று சுற்றிவிட்டு மூலையில் மூச்சு வாங்குகிறான். நான் எடுத்தது வால் சுமாரான, முதுகு நேரான, தீனி போட்டதும் முதலில் வந்து நிற்கும் ஒன்றை.

“அசிங்கமா இருக்கும்மா அது” என்கிறாள். பெரிய வாலனைத் தன் மேசையில் தனித் தொட்டியில் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறாள். தண்ணீர் மாற்றுவது அவள் பொறுப்பு என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.