சில்லறைச் சிக்கல்கள்

ஆபரேஷன் வெற்றி என்கிறார் டாக்டர். இட்லிகூட இறங்கவில்லை என்கிறார் நோயாளி. இருவர் சொல்வதும் உண்மை.

கழுத்தெலும்புகளுக்கு இடையே பிதுங்கிய டிஸ்க்கை முன்கழுத்து வழியாக அகற்றி, எலும்புகளை இணைக்கும் முறையை 1955இல் அமெரிக்காவின் ராபின்சனும் ஸ்மித்தும் விவரித்தார்கள். தண்டுவடத்தைத் தொடாமல் டிஸ்க்கை எட்ட இது நல்ல வழி. ஆனால் நடுவில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் இருக்கின்றன. குரல் நாணை இயக்கும் நரம்பும் அங்கேதான் ஓடுகிறது. இவற்றை ஒதுக்கிப் பிடித்தபடிதான் வேலை நடக்கிறது. விழுங்கச் சிரமம், குரல் கம்மல் எல்லாம் அதனால் வருபவை.

பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும் என்பது சர்ஜன்களின் பதில். அவர்கள் அஞ்சுவது வேறு: கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சை அடைப்பது, தோளைத் தூக்க முடியாமல் போவது, தண்டுவடம் காயப்படுவது. அந்தக் கணக்கில் குரல் கம்மல் வெறும் சில்லறை. குரலை நம்பிப் பிழைக்கும் ஆசிரியைக்கோ அதுதான் முதல்.

நோயாளிகளிடமே விசாரித்தால், மருத்துவக் குறிப்புகளில் பதிவானதைவிட அதிகம் பேர் விழுங்கச் சிரமப்படுவது தெரிகிறது. இதில் வியப்பில்லை. மறுபரிசோதனையில் முதல் கேள்வி, கைவலி போயிற்றா என்பது. போயிருக்கும். அத்தோடு அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுகிறார்.

சம்மதப் படிவத்தை நீட்டுமுன் நோயாளியின் தொழிலையும் கேட்பது நல்லது. எது சில்லறை என்பது அதைப் பொறுத்தது.