சீவாளியும் மலையேறுகிறது

பழனிக்குப் போகிற குடும்பங்கள் மூன்று காரியங்களைத் தவறவிடுவதில்லை. தண்டாயுதபாணியைத் தரிசிப்பது ஒன்று, பஞ்சாமிர்த டப்பா வாங்குவது இரண்டு, "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அப்படியே கொடைக்கானலையும் பார்த்துவிடலாமே!" என்று வீட்டு எஜமானரின் பர்ஸைப் பயமுறுத்துவது மூன்று.

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 64 கிலோ மீட்டர். பழனி ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்துச் சில்லறை அடி. கொடைக்கானலோ 7,000 அடி. வளைவுக்கு வளைவு வெயில் குறைந்து, காது அடைத்து, பெருமாள்மலை வருவதற்குள் பெட்டியிலிருந்த ஸ்வெட்டர் உடம்புக்கு வந்துவிடுகிறது. ஆனால் நம்மைவிட அதிகமாகக் குளிரை உணருகிற பிரயாணி ஒன்று இந்தப் பாதையில் உண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத நாதஸ்வரச் சீவாளிதான் அது!

நாதஸ்வரத்தின் நீண்ட குழல் ஆச்சா மரம். அதன் தலையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய். கெண்டையின்மேல் நூலால் இறுக்கிக் கட்டிய நாணல்தான் சீவாளி. காவிரிக் கரை நாணலை அறுத்து, காயவைத்து, பதமாக அவித்து, தட்டையாக்கி, அளவு பார்த்துக் கட்டுகிறார்கள். நெல்லோடு சேர்த்து அவிப்பதும் உண்டு. இந்தக் கைவேலைக்குப் பெயர்பெற்ற ஊர் திருவாவடுதுறை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயரோடு இணைந்த ஊரும் அதுவே. பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கொடைக்கானல் பஸ்ஸில் என் பக்கத்து ஆசனத்தில் வயதான வித்வான் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியற்காலை மலைமேல் ஒரு கல்யாணம். அவருடைய மடியில் நாதஸ்வர உறை; சட்டைப் பையில் சிறிய டப்பா.

"இதற்குள் என்ன ஐயா, மாத்திரையா?" என்றேன்.

"எனக்கில்லை அம்மா, குழலுக்கு!" என்று சிரித்தபடி திறந்தார். உள்ளே மூன்று சீவாளிகள்.

"இது பழனியிலே நேற்று வரைக்கும் தேனாய்ப் பேசினது. மேலே போனால் வாய்க்கு இறுகி நிற்கும். இது கொஞ்சம் மெலிசு, மலைக்கு இதுதான். மூன்றாவது புதுசு, இன்னும் பழகவில்லை."

"பழக்குவது எப்படி?"

"நீங்கள் புது மண்சட்டியைப் பழக்குவதில்லையா? முதல் நாளே புளிக்குழம்பு வைப்பீர்களா? அதுபோலத்தான். வாயில் வைத்து ஊறவிட வேண்டும். கொஞ்ச நேரம் ஊதி எடுத்து வைத்துவிட வேண்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம். வாய் அடைத்தால் ஊசியால் விரித்துக் கொடுக்க வேண்டும். அதிகம் விரிந்தால் விரலால் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் கல்யாணப் பந்தலில் மானத்தை வாங்கிவிடும்!"

அவர் சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. நாணல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். பழனி மத்தியானத்துக்கும் கொடைக்கானல் விடியலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால், குளிர்ந்த குழலின் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். சுருதிப் பெட்டிக்கோ குளிர் தெரியாது! ஆகையால் மூச்சின் சூட்டால் குழலை முதலில் வெதுவெதுப்பாக்கியாக வேண்டும்.

கிளாரினெட் வாசிப்பவர்களுக்கும் இதே கவலைதான். நம் சதிர்க் கச்சேரிகளில் புகுந்து, பிறகு ஏ. கே. சி. நடராஜன் கையில் கர்நாடக சங்கீத மேடையின் நடுவே வந்து அமர்ந்த வாத்தியம் அது. சீவாளிக்கு இரண்டு இதழ். கிளாரினெட் ரீடுக்கு ஒன்றே ஒன்று. தென் பிரான்ஸின் வார் பகுதி நாணல் அதற்குப் பேர்போனது. ரீடுக்கு 2, 2½, 3 என்று நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற விறைப்பும் ஏறும். உயரமான ஊர்களில் ரீடு விறைப்பதால், நம்பர் குறைந்ததைத் தேடுகிறவர்கள் உண்டு. புது ரீடை நாளுக்குச் சில நிமிஷம் மட்டும் ஊதி, ஈரம் துடைத்து, தட்டையாக வைத்து உலர்த்துவார்கள். இரண்டு மூன்றை மாற்றி மாற்றி உபயோகித்தால் எல்லாம் நீண்ட நாள் உழைக்கும்.

மறுநாள் குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போனேன். 1936-ல் கட்டப்பட்ட இந்தக் கோவில் இப்போது பழனி தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. மூடுபனி விலகினால் தூரத்தில் பழனி மலை தெரியும். அங்கேதான் கல்யாணக் கோஷ்டி சுவாமி தரிசனத்துக்கு வந்திருந்தது. வித்வானும் இருந்தார்.

"கெட்டிமேளம் எப்படி ஐயா?"

"மெலிசுதான் காப்பாற்றியது. மூன்று மணிக்கே எழுந்து வாயில் போட்டுக்கொண்டேன்" என்றவர், சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "இதைக் கட்டிக் கொடுத்த பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, அம்மா. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இருக்கிற மூன்றையும் அதனால்தான் பொன்போல் வைத்திருக்கிறேன்."

திருவாவடுதுறையில் இந்த வேலையைச் செய்கிற குடும்பங்கள் சிலவே. ஒவ்வொரு தாலிக்கும் முன்னால் முழங்குகிற மங்கள ஓசை அந்தச் சில ஜோடிக் கைகளை நம்பி இருக்கிறது.

அடுத்த கல்யாணத்தில் பட்டுப் புடவைகளைப் பார்த்து முடித்ததும், நாதஸ்வரத்திலிருந்து நூலில் தொங்கும் சீவாளிக் கொத்தையும் ஒரு தரம் பாருங்கள். வாசிப்பது ஒன்று, மற்றவை தங்கள் முறைக்காகக் காத்திருப்பவை.