சிரஞ்சீவி வண்டி

பழைய மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். "ஐந்து வருஷம் ஆயிற்றா? உடனே தள்ளிவிடு" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்து இரும்பைப் போல் வருமா?" என்பது மற்றொரு கட்சி. அடியேன் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆகையால் இரண்டிலும் சேராமல், செலவு எத்தனை, உழைப்பு எத்தனை என்று கேட்கும் மூன்றாவது கட்சியைச் சேர்ந்தவன்.

இரண்டாவது கட்சியார் தங்களுக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது டொயோட்டா கம்பெனியின் ஹைலக்ஸ் என்னும் பிக்கப் வண்டியை. முன்னால் ஆட்கள் உட்கார ஓர் அறை. பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. 1968-ம் வருஷத்தில் ஜப்பானில் பிறந்த ஜாதி. 2003-ம் வருஷம் பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்காரர்கள், 1,90,000 மைல் ஓடிக் களைத்திருந்த 1988-ம் வருஷத்து டீசல் ஹைலக்ஸ் ஒன்றை வாங்கினார்கள். ஓட்டுவதற்காக அல்ல, கொல்வதற்காக! பிரகலாதனை இரணியன் படுத்திய பாடெல்லாம் அந்த வண்டியும் பட்டது. மரத்தில் மோதினார்கள். கடற்கரையில் கட்டிப் போட்டார்கள். பொங்கி வந்த ஓதம் கயிற்றை அறுத்து வண்டியை இழுத்துச் சென்று மூழ்கடித்தது. கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டால் அடித்தார்கள். தீ வைத்தார்கள். கடைசியில் 240 அடி உயரக் கட்டடம் ஒன்றின் உச்சியில் நிறுத்தி, கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் பிறகும், புதிய உதிரி பாகம் எதுவும் போடாமல், சாதாரணக் கருவிகளைக் கொண்டே ஒரு மெக்கானிக் அதை ஓட வைத்துவிட்டார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறி தேவையில்லை. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. எனவே கடல் நீர் புகுந்து கெடுப்பதற்குத் தீப்பொறிக் கம்பிகளே அதில் கிடையா. எண்ணெயைப் பீச்சும் பம்பும் வெறும் இயந்திர வேலைதான். மூளைப் பெட்டி ஒன்றும் இல்லை. அடியில் ஏணியைப் போல் பிணைத்த இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். பின் சக்கரங்களுக்கு மேல், பட்டை பட்டையாக அடுக்கிய வில். நம் ஊர் ஜட்கா வண்டியில் குலுங்கிப் போனவர்களுக்கு அந்த வில்லை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் இதெல்லாம் கொட்டகையில் பயில்வான் மார்பில் பாறையை உடைக்கிற வித்தைதான். வண்டிகள் கட்டடத்திலிருந்து விழுந்து சாவதில்லை. துருவினாலும், மாற்றாத எண்ணெயினாலும் சாகின்றன. ஆகவே என் மதிப்பில் பெரிய வண்டி வேறு. அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்து மனிதர் ஒருவர், அதே கம்பெனியின் 2007-ம் வருஷத்து டண்ட்ரா என்ற பிக்கப்பை, 2016-ம் வருஷத்துக்குள் பத்து லட்சம் மைல் ஓட்டிவிட்டார். சந்திரனுக்கு இரண்டு தடவை போய்த் திரும்பினாலும் அவ்வளவு ஆகாது. இயந்திரம் பழையதே, கியர்ப் பெட்டியும் பழையதே. கம்பெனியார் ஆச்சரியப்பட்டு அதை வாங்கிக்கொண்டு, புது வண்டி ஒன்று கொடுத்தார்கள். பத்திரிகைகள் பத்து லட்சத்தைக் கொட்டை எழுத்தில் போட்டன. எனக்குப் பிடித்த எண் வேறு: 117. அத்தனை தடவை அவர் அந்த வண்டியைப் பராமரிப்புக்காகப் பணிமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்!

அதே 2016-ல், அதே கம்பெனி, தன் வண்டிகள் சிலவற்றின் அடிச்சட்டம் துருவேறி அரித்துப் போகிறது என்ற வழக்கில், சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு இணங்கியது. 2007-ம் வருஷத்து டண்ட்ராவும் அந்த ஜாபிதாவில் உண்டு. வடக்கு மாகாணங்களில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு, துருவுக்கு நல்ல தீனி. ஒரே பெயர், ஒரே வருஷம்; ஒன்று பத்து லட்சம் மைல் ஓடுகிறது, இன்னொன்று அடி கழன்று நிற்கிறது. இதை நினைத்துப் பார்த்தால், "அந்தக் காலத்து இரும்பு" என்ற வாதத்தில் எனக்கு அவ்வளவு சுவாரஸ்யம் இருப்பதில்லை.

2009-ம் வருஷத்தில் நான் மஸ்கத்தில் ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் கணக்கனாக இருந்தேன். அங்கே 4,12,000 கிலோமீட்டர் ஓடிய ஹைலக்ஸ் ஒன்று இருந்தது. தேய்மானம் கழித்துக் கழித்து, புத்தகத்தில் அதன் மதிப்பு ஒரு ரியால்! மேனேஜர் அதைத் தள்ளிவிடச் சொன்னார். அதை ஓட்டியவர் இராமநாதபுரம் ஜில்லாக்காரர், வயது 58. என் மேஜையருகே வந்து நின்றார்.

"சார், இந்த வண்டி போனால் புது வண்டியை என்னிடம் கொடுக்க மாட்டார்கள். ஊருக்கு அனுப்பி விடுவார்கள். மகள் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வருஷச் சம்பளம் வேண்டும்" என்றார்.

"உங்களுக்காகப் பொய்க் கணக்கு எழுத முடியாதே, அண்ணே!"

"பொய் வேண்டாம் சார். உள்ள கணக்கை எழுதுங்கள், போதும்."

பழைய பில்களை எடுத்து உட்கார்ந்தேன். கிளட்ச் மூன்று தடவை, ரேடியேட்டர் இரண்டு தடவை, 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் தவறாமல் எண்ணெய். கடலோர வேலைக்குப் போய் வந்த நாளெல்லாம் அவர் நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவியதற்குப் பில் கிடையாது. நான் கண்ணால் பார்த்ததுண்டு. ஒரு வருஷத்து ரிப்பேர்ச் செலவு, புது வண்டியின் இரண்டு மாதத் தவணைக்கும் குறைவாக இருந்தது. அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். "சரி, ஓடுகிற வரையில் ஓடட்டும்" என்றார்.

2011-ல் ஒப்பந்த வேலை முடிந்ததும் வண்டி ஏலத்தில் போயிற்று. மகள் கல்யாணத்துக்காக அவர் ஊர் திரும்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, இருவரும் நிஸ்வா ஊரின் ஆட்டுச் சந்தையைப் பார்க்கப் போயிருந்தோம். பேரீச்ச மரத்தடியில் அந்த வண்டி நின்றது. தொட்டியில் நாலு ஆடுகள். சொந்தக்காரக் கிழவருக்கு ஸலாம் சொன்னாரோ இல்லையோ, எங்கள் டிரைவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி எண்ணெய்க் குச்சியை உருவினார். துடைத்தார்; மறுபடி விட்டு எடுத்தார்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் மேல்கோட்டில் இருந்தது.