வெளிக்கிடுறது

6 நாள், ஒரு வாடகை வான், 11 பேர். சாம்பல்தீவிலிருந்து வெளிக்கிட்டு கண்டி, நுவரெலியா, கொழும்பு, முன்னேஸ்வரம், யாழ்ப்பாணம் என்று சுத்திப்போட்டு போன கிழமைதான் வீடு வந்து சேர்ந்தோம். 'நாங்கள்' என்றால் அக்கா, தங்கச்சி இரண்டு பேர். பின் சீற்றில் பைகளுக்கு நடுவில் இருந்தவர்கள். போன இடங்களின் படங்களை எல்லாம் ஏற்கெனவே போட்டுவிட்டோம். சொல்லாமல் விட்டது திரும்பி வந்த அந்த ஒரு நாளைத்தான்.

அம்மம்மாவிடம் ஒரு மண்ணிறக் கைப்பை. 6 நாளும் அது மடியை விட்டு இறங்கவில்லை. நுவரெலியாக் குளிரில் போர்வைக்குள்ளும் அது இருந்தது. காசு என்றுதான் நினைத்தோம். ஐஸ்கிறீம் வாங்கித் தரச்சொல்லிப் பகிடியும் விட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் புறப்பட்டு, ஆனையிறவு, கிளிநொச்சி தாண்டி முறிகண்டியில் நின்றோம். அந்த வழியால் போகிறவர்கள் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்காமல் போவதில்லை. தேங்காய் உடைக்கப் போகும்போது அம்மம்மா பையைத் தங்கச்சியிடம் கொடுத்தார். சிப் ஏற்கெனவே பழுது. பார்த்துவிட்டோம். பொலித்தீனில் சுற்றின காணி உறுதி, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களும், மண்டபம் முகாமில் கொடுத்த ஒரு பழைய அட்டை. காசு ஒரு சதமும் இல்லை.

"ட்ரிப்புக்கு ஏன் அம்மம்மா காணி உறுதி?"

அம்மா "சும்மா இருங்கோ" என்றார். அம்மம்மா கச்சானை உடைத்துக்கொண்டே சொன்னார்: "90ல வெளிக்கிடேக்கையும் ரெண்டு நாளில வந்திடலாம் எண்டுதான் பிள்ளையள் வெளிக்கிட்டனாங்கள்."

வானில் ஏறின பிறகும் அந்தச் சொல் எங்களை விடவில்லை. கோயிலுக்கு வெளிக்கிடுறது, கல்யாணத்துக்குச் சாறி கட்டி வெளிக்கிடுறது, ஷெல் விழ ஊரை விட்டு வெளிக்கிடுறது. எங்கட தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல். நாங்கள் முதல் இரண்டை மட்டும் பாவித்து வளர்ந்திருக்கிறோம்.

அந்த இரண்டு நாள் 12 வருசமானது. காட்டு வழியாக முல்லைத்தீவு, பிறகு மன்னார், அங்கிருந்து படகில் இராமேஸ்வரம், முகாம். அம்மாவுக்கு அப்போது 11 வயது. 2002 சமாதான காலத்தில் திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்றதாம். ஓடு இல்லை, கதவு இல்லை, நிலையையும் கழற்றிப் போயிருந்தார்கள். கிணற்றுக் கப்பியைக் கூட விடவில்லை. ஆனால் உறுதி கையில் இருந்தது. அதைத் தொலைத்த சனம் தங்கட சொந்த வளவுக்கே கந்தோர் கந்தோராக அலைந்தது. 2004 டிசம்பர் 26 காலையிலும் இதே பைதான். எங்களில் மூத்த ஆள் அப்போது 8 மாதக் குழந்தை. குழந்தையைத் தூக்கினது மாமா, பையைத் தூக்கினது அம்மம்மா!

ஓமந்தையை நிற்காமலே கடந்தோம். முந்தி எல்லோரும் இறங்கி, வரிசையில் நின்று ஐடி காட்டின இடம். வவுனியாவில் தேத்தண்ணி. ஹொரவப்பொத்தானைப் பக்கம் இருட்டிவிட்டது. யானை குறுக்கே வரும் என்று டிரைவர் அண்ணா பாட்டை நிற்பாட்டினார். பன்குளம், கன்னியா, பிறகு ரவுண் வெளிச்சம். நிலாவெளி றோட்டில் திரும்பினதும் யார் முதலில் குளிப்பது என்று எங்களுக்குள் சண்டை. அதுவரை தூங்கிக்கொண்டு வந்த அம்மம்மா நிமிர்ந்து இருந்தார். "தம்பி, பாலத்தில கொஞ்சம் மெதுவாப் போங்கோ."

வீட்டுக்கு முன்னால் இறங்கினால் அம்மம்மா உடனே உள்ளே போகமாட்டார். முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். பிறகு கதவு, பிறகு கிணற்றடி. ஆஸ்பத்திரிக் கிளினிக் போய் மத்தியானம் திரும்பினாலும் இதுதான். "கூரை இருக்குதா அம்மம்மா?" என்று வருசக்கணக்காகச் சிரித்திருக்கிறோம். அவரும் "இருக்குது, இருக்குது" என்று சேர்ந்து சிரிப்பார். கேட்ட எங்களுக்குத்தான் அது பகிடி.

இந்த முறை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. தங்கச்சி போனில் டோர்ச்சைப் போட்டுக் கூரைக்குப் பிடித்தாள். ஓட்டு வரிசையில் வெளிச்சம் மெதுவாக நகர, அம்மம்மா பார்த்துக்கொண்டு நின்றார். கிணற்றடிக்கும் கூடவே போனோம். கப்பி இருந்தது.

"சரி, திறவுங்கோ."

உள்ளே பூட்டிக்கிடந்த மணம். சீனிப் போத்தல் முழுக்க எறும்பு. பக்கத்து வீட்டில் விட்டுப்போன நாய் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் உறுதியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, கூகிள் ட்ரைவில் போட்டு, இனிப் பையைக் காவத் தேவையில்லை என்று அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார்.

"கரண்ட் இல்லாட்டி?"

பவர் பாங்க் என்று சொல்லலாம் என்று வாய் வந்தது, சொல்லவில்லை. சிப்பை மாத்தித் தைக்கப் பையை ரவுணுக்குக் கொண்டுபோயிருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு கல்யாணம், மட்டக்களப்புக்கு வெளிக்கிட வேணும்.