வையாமல் வைவது

கோபம் வந்தால் யாரும் வையலாம். அதற்கு எழுத்தாளன் தேவையில்லை. தெருக் குழாயடியே போதும். வையாமல் வைவதற்குத்தான் எழுத்தாளன் வேண்டும்.

இளைஞர் ஒருவர் தாம் எழுதிய நையாண்டிக் கதையை என்னிடம் கொண்டுவந்தார். வட்டிக்கு விடும் ஒரு பணக்காரரைப் பற்றியது. பக்கத்துக்குப் பத்து வசவு. "காரம் போதுமா, ஸார்?" என்று கேட்டார். "காரம் நிறைய இருக்கிறது, தம்பி. கறியைத்தான் காணோம்" என்றேன். பிறகு அவருக்கு இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன்.

ஒருவர் நம் ஒளவையார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், அவனுடைய படைக்கலங்களைப் பார்த்துப் புகழ்கிறார். இங்கே எல்லாம் நெய் பூசி, மயிற்பீலி சூட்டிப் பளபளக்கின்றனவாம்; அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். அவ்வளவுதான். உனக்குப் போர் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. அதைத் தொண்டைமானே புரிந்துகொள்ள வேண்டும். புறநானூற்றில் வரும் இந்த உத்தியைத்தான் வஞ்சப் புகழ்ச்சி என்கிறோம்.

மற்றவர் ஜோனதன் ஸ்விஃப்ட். டப்ளின் நகரத்துப் பாதிரியார். அயர்லாந்து பஞ்சத்தில் வாடிய 1729-ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். ஏழைகளின் குழந்தைகளை ஒரு வயதானதும் பணக்காரர்களின் சாப்பாட்டு மேஜைக்கு விற்றுவிடலாம் என்பது அதில் வரும் யோசனை! அதைச் சொல்பவர் அரக்கர் அல்லர். நாட்டு நலனில் அக்கறையுள்ள, மரியாதை தெரிந்த மனிதர். ஆண்டுக்கு 1,20,000 குழந்தைகள்; அதில் 20,000 போக மீதி விற்பனைக்கு; ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் என்று நிதானமாகக் கணக்குப் போடுகிறார். ஓரிடத்திலும் குரல் உயரவில்லை. நிலப்பிரபுக்கள் குடியானவர்களிடம் கொஞ்சம் இரக்கம் காட்டலாமே என்பது போன்ற உண்மையான பரிகாரங்களையெல்லாம், நடக்காத பேச்சென்று கடைசியில் ஒதுக்கித் தள்ளுகிறார். ஸ்விஃப்டின் இதயம் அந்த ஒதுக்கித் தள்ளிய இடத்தில்தான் இருக்கிறது.

படிக்கும்போது நம் மனமும் அந்தக் கழித்தலைச் சரிபார்க்கிறது. கழிபட்டவை குழந்தைகள் என்பது அடுத்த கணம்தான் உறைக்கிறது. பசியை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்கும் அந்த மரியாதைக்காரர் வேறு யாருமல்லர். ஒரு நிமிஷமாவது, நாம்தான்!

வசவைப் படிக்கிறவன், யாரையோ திட்டுகிறார்கள் என்று நிம்மதியாகத் தூங்கப் போவான். நல்ல நையாண்டியைப் படித்தவனுக்கு அந்த நிம்மதி கிடைக்காது.