சும்மா மூன்று மணி நேரம்

பொதுத்தேர்வுக்கு ஹால் டூட்டி என்றால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பதற்கு வேலைப்பளு காரணமல்ல. வேலையே இல்லாததுதான் காரணம். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டுதான் அறைக்கு அனுப்புவார்கள். புத்தகம், செய்தித்தாள் எதுவும் ஆகாது. பக்கத்து அறை ஆசிரியரோடு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசலாம் என்றால் பறக்கும் படை பயம். 10.15க்குப் பிள்ளைகள் எழுத ஆரம்பித்தால் 1.15 வரை நம் முன்னால் இருப்பவை குனிந்த 20 தலைகளும் ஒரு மின்விசிறியும். யாராவது எழுந்து அடிஷனல் ஷீட் கேட்டால் அதுவே அன்றைய பெரிய நிகழ்ச்சி. “அவங்களுக்கு இல்ல சார், நமக்குத்தான் பரீட்சை” என்பார் எங்கள் தமிழாசிரியர்.

நான் கணக்கு வாத்தியார். முதல் அரை மணி நேரம் எனக்கும் நரகம்தான். இல்லாத கைப்பேசியைத் தேடிக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ஜன்னல் கம்பியை எண்ணுவேன், தரையில் விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பேன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமோத்தி வில்சன் குழுவினர் செய்த ஒரு சோதனை 2014இல் வெளியானது. ஆட்களைத் தனியறையில் 15 நிமிடம் சும்மா உட்காரவைத்தார்கள். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தி மின் அதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம், வேறு பொழுதுபோக்கு கிடையாது. 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள். இதைப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. பத்தே முக்கால் மணிக்கு என் அறையில் அப்படி ஒரு பொத்தான் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு கோடையில் தேர்வறைக்குள் நடை பழகிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. அறையில் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, அவரவர் முன்னாலோ பின்னாலோ இடமோ வலமோ உள்ள அடுத்த இருக்கைக்கு மாற வேண்டும். ஒருவர்கூட மிச்சம் நிற்கக் கூடாது. முடியுமா? முடியும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டிரண்டு பேராக இடம் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. சப்பென்று போய்விட்டது.

இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கையில் கைப்பேசி இருந்திருந்தால் அந்தச் ‘சப்’பிலேயே வெளியேறியிருப்பேன். வெளியேற வழியில்லாததால் கேள்வியை இன்னும் கொஞ்சம் நோண்டினேன். ஐந்துக்கு ஐந்தாக 25 இருக்கைகள் இருந்தால்? மனத்துக்குள் பிள்ளைகளை நகர்த்திப் பார்த்தேன். எப்படி நகர்த்தினாலும் ஒருவன் நடுவழியில் நின்றான். ஏன் என்று பிடிபட நெடுநேரம் ஆயிற்று. இருக்கைகளுக்குச் செஸ் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசினால் கறுப்பு 13, வெள்ளை 12. ஓர் இடம் நகர்ந்தால் நிறம் மாறியே தீரும். கறுப்பில் இருக்கும் 13 பேரும் 12 வெள்ளை இருக்கைகளில் எப்படி உட்காருவார்கள்? அந்த நொடியில் கத்தாமல் இருக்க நான் பட்ட பாடு! இது புத்தகங்களில் உள்ள பழைய புதிர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. இருக்கட்டுமே.

சலிப்பில் ஒன்று முளைப்பதற்கு எங்கள் தொழிலிலேயே பெரிய உதாரணம் எழுத்தாளர் டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியராக இருந்தும், கோடையில் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கூடுதல் காசு தேடியவர். கட்டுக்கட்டாகத் திருத்திக் களைத்த ஒரு நாளில், யாரோ ஒரு மாணவர் எழுதாமல் விட்டிருந்த பக்கத்தில் ஹாபிட் என்ற பிராணியைப் பற்றி ஒரு வரி கிறுக்கிவைத்தார். அது என்ன பிராணி என்று அப்போது அவருக்கே தெரியாது. 1937இல் அது நாவலாக வந்தது. நம் திருத்தும் முகாமில் வெற்றுப் பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட வேண்டும். கதை எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை என்று 17-பி மெமோ வரும்.

இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் சாண்டி மான், ரெபெக்கா காட்மன் இருவரும் சலிப்பிலிருந்து யோசனை பிறக்குமா என்று சோதித்திருக்கிறார்கள். தொலைபேசி எண்களைக் கால் மணி நேரம் பார்த்து எழுதியவர்கள், பிறகு இரண்டு தெர்மாகோல் கோப்பைகளை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டபோது, சலிப்பூட்டும் வேலை எதுவும் செய்யாதவர்களைவிட அதிகமான யோசனைகள் சொன்னார்கள். எண்களை எழுதாமல் வெறுமனே படித்தவர்கள் அவர்களையும் மிஞ்சினார்கள். கைக்கு எந்த அளவு வேலை இல்லையோ அந்த அளவு தலை ஊர் சுற்றப் போகிறது போலும்.

அப்படியென்றால் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பதும் சலிப்புதானே, அதில் ஏன் ஒன்றும் முளைப்பதில்லை? டொராண்டோவில் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே வீடியோவை உட்கார்ந்து பார்த்தவர்களைவிட, பிடிக்காவிட்டால் அடுத்ததற்குத் தாவலாம் என்று விடப்பட்டவர்களுக்கே சலிப்பு கூடியது. தாவினால் சலிப்பு குறையும் என்றுதான் அவர்களே நினைத்திருந்தார்கள். சலிப்பு அங்கேயும் இருக்கிறது, காலி இடம்தான் இல்லை. அடுத்தது வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதற்காகச் சலிப்பைக் கும்பிடச் சொல்லவில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணிடம் போய், சலிப்பு நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் உட்காருவதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வர வேண்டியிருந்தது. கால் கடுக்கும்போது கற்பனை எங்கே வரும்? வயிறும் முதுகும் சும்மா இருந்தால்தான் மனம் சும்மா இருக்கும். இன்னொரு பயமும் உண்டு. இதைச் சத்தமாகச் சொன்னால் யாராவது காதில் வாங்கி, வாரம் ஒரு பீரியடு ‘சலிப்பு நேரம்’ என்று கால அட்டவணையில் சேர்த்து, பிள்ளைகள் சலித்திருப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடச் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் புதிரை எட்டாம் வகுப்புக்குக் கொடுத்தேன். மைதானத்தில் ஐந்துக்கு ஐந்தாகச் சுண்ணாம்புக் கட்டம் போட்டு 25 பேரை நிறுத்தினேன். விசில் அடித்தால் மாற வேண்டும். இடித்துக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், சீக்கிரமே அலுத்துப்போனார்கள். “ஆன்சர் சொல்லுங்க சார்” என்றார்கள். சொல்லவில்லை. “யூடியூப்ல இருக்குமா சார்?” என்றான் ஒருவன். இருக்கும் என்றேன். பாதிப் பேர் வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பாதிப் பேர் கட்டத்தையே முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

சில நாள் கழித்து ஒரு பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். 25 பேருக்கு முடியாது என்பதை நிறம் எதுவும் இல்லாமல், தன் வழியிலேயே கண்டுபிடித்திருந்தாள். கூடவே, எனக்கு அந்த அறையில் தோன்றாத ஒன்றையும் கேட்டாள்: “ஒருத்தர் ஆப்சென்ட்னா, சார்?”

ஆப்சென்ட் ஆனது எந்த இடத்து ஆள் என்பதைப் பொறுத்தது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.